நிவாரண லாரிக்குப் பின்னே ஒரு கேமரா

திருமண வீட்டில் வீடியோக்காரனுக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு தனி விதம். மணமகனின் தாய்மாமனைக்கூட, "சற்றுத் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. பந்தியில் இடம் கிடைக்கிறதோ இல்லையோ, மணமேடையில் அவனுக்கு இடம் உண்டு. புதுநன்மை, உறுதிபூசுதல், தேர்பவனி, புதுமனை மந்திரிப்பு என்று மக்கள் மகிழ்ந்திருக்கும் நாட்களிலேயே அவனை அழைக்கிறார்கள். ஆகவே, தன் கருவிக்கு முன்னே நிற்பவர் யாவரும் தாமாக விரும்பி வந்து நிற்பவர்களே என்னும் எண்ணம் இத்தொழிலில் எளிதாக வளர்ந்துவிடும். அதே கருவியோடு துயரம் நிகழ்ந்த இடத்திற்குச் செல்லும்போது, அந்த எண்ணத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நான் சோமனூர்க்காரன். கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் ஆலயத்திற்கு அருகே உள்ள எங்கள் ஊரைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இது விசைத்தறிகளின் ஊர். பகலென்றும் இரவென்றும் பாராமல் தறி ஓடும் ஓசைக்கு நடுவே பிறந்து, அந்த ஓசைக்கு நடுவே உறங்கி, அது நின்றால் மட்டும் விழித்துக்கொள்ளும் மக்கள் நாங்கள். ஓசை நின்றது என்றால் மின்வெட்டாக இருக்கும். அல்லது கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமாக இருக்கும். தறிக்கூடத்தில் ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்வது என்பது எங்கள் தொழிலில் ஒரு தனிக் கலை. சட்டைக் காலருக்குக் கீழே சிறிய மைக்கைப் பொருத்தி, வாய்க்கு அருகே கொண்டுவந்து, அதன்மேல் பஞ்சைச் சுற்றி எத்தனையோ வழி பார்த்திருக்கிறோம். மிகச் சிறந்த வழி மின்வெட்டுக்குக் காத்திருப்பதே என்பார் எங்கள் ஒலிப்பதிவாளர். அக்காலத்தில் காத்திருப்பு ஒருபோதும் நீண்டதில்லை.

எங்கள் குழு நால்வரைக் கொண்டது. கேமராவுக்கு நான், விளக்குப் பிடிக்க ஒரு தம்பி, ஒலியையும் கேசட் கணக்கையும் பார்க்க ஒருவர், வண்டியோட்டி. தோளை அழுத்தும் பெரிய வீ.எச்.எஸ். கேமராவில் தொடங்கிய நாங்கள், 2004-ஆம் ஆண்டில் ஒரு கையில் அடங்கும் டிஜிட்டல் கேமராவுக்கு வந்திருந்தோம். சிறிய கேசட் ஒன்றில் 60 நிமிடம் பதிவாகும்.

அவ்வாண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். சுமத்திரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் அதிகாலையில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தின் அலைகள், ஒன்பது மணியைத் தாண்டிய வேளையில் நம் கரையை அடைந்தன. தமிழகத்தில் மிகுந்த இழப்பு நாகப்பட்டினம் மாவட்டத்திற்கே. அம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் பேராலயத்தின் உள்ளே நீர் புகவில்லை. ஆனால் கடற்கரையிலும் அதை ஒட்டிய கடைகளிலும் நின்றிருந்த திருப்பயணிகள் பலரை அலை வாரிக்கொண்டு போயிற்று. நம் கொங்குப் பகுதிப் பங்குகளில் வேளாங்கண்ணிக்கு ஆள் போகாத குடும்பம் ஏது? அன்று பகல் முழுவதும் தொலைபேசிக் கடைகளில் கூட்டம் நின்றது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் எங்கள் ஊரிலிருந்து ஒரு லாரி புறப்பட்டது. தறிக்காரர்களும் வியாபாரிகளும் தந்த புதுத்துணி. போர்வை, வேட்டி, லுங்கி, துண்டு. எல்லாம் மடிப்புக் கலையாத சரக்கு. லாரிக்குப் பின்னே எங்கள் வண்டி. நடப்பவற்றைப் படமெடுத்து வந்து பங்கு மக்களுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட பணி. கூலி பேசவில்லை, டீசல் செலவை மட்டும் வியாபாரி ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

நாகப்பட்டினத்தை நெருங்க நெருங்க, சாலையின் இருபுறமும் ஒரு காட்சி எங்களைத் திகைக்க வைத்தது. அந்நாட்களில் அங்கே சென்றவர் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். பழந்துணிக் குவியல்! கிழிந்த சட்டைகள், சாயம் போன சேலைகள், பொத்தான் இல்லாத கால்சட்டைகள், கடற்கரையில் எவருக்கும் உதவாத கம்பளி ஆடைகள். நாடெங்கிலுமிருந்து வந்து இறங்கியவை. எடுப்பாரின்றி மழையிலும் மண்ணிலும் கிடந்தன. நெசவு ஊர்க்காரனுக்குத் துணி மண்ணில் கிடப்பதைக் கண்டால் வயிறு எரியும். எங்கள் விளக்குத் தம்பி வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கி, ஒரு சேலையைத் தூக்கிப் பார்த்தான். அதன் நடுவே ஒரு பெரிய கிழிசல். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டு வந்தான்.

அந்த மீனவர்கள் பிச்சைக்காரர்கள் அல்லர். டிசம்பர் 25-ஆம் நாள் வரையில் படகும் வலையும் வைத்திருந்தவர்கள். விழாவுக்குப் பட்டு உடுத்தியவர்கள். வீட்டில் கழித்துப் போட்டதைக் கட்டி அனுப்பினால் வாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணியவர்கள் அவர்களை அறியாதவர்கள். அந்தக் குவியலை நான்கு நிமிடம் நிதானமாகப் படமெடுத்தேன். அது யாருடைய துயரமும் அல்ல. ஆகவே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அனுமதி கேட்க வேண்டிய இடம் மறுநாள் வந்தது. கீச்சாங்குப்பத்துக்கு அருகே ஒரு முகாமில் துணி வழங்க ஏற்பாடாகியிருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். எங்களோடு வந்த வியாபாரி, லாரியில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்து மேசைக்குப் பின்னே கட்டச் செய்தார்.

"தம்பி, வாங்கறவங்க மூஞ்சியும் பேனரும் ஒண்ணாப் படத்துல வரோணுமுங்க. குடுத்தவங்க நாளைக்குக் கேப்பாங்கல்ல?" என்றார்.

அவரைப் புகழ் விரும்பி என்று எவரும் தவறாக எண்ண வேண்டாம். ஒருநாள் கூலியைக் கொடுத்த தறித்தொழிலாளிக்கும், ஒரு பீஸ் துணியைக் கொடுத்த வீட்டுக்காரருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர் தலையில் இருந்தது. துணி போய்ச் சேர்ந்தது என்பதற்குக் காட்சியை விடச் சிறந்த சாட்சி வேறு என்ன? அவர் கேட்டது நியாயமே.

ஆனால் வரிசையின் முன்னால் நின்ற அம்மாள், கேமராவைக் கண்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அருகே சென்று, படமெடுக்கலாமா என்று கேட்டேன்.

"தம்பி, கை நீட்டி வாங்குறதே எங்களுக்குப் புதுசு. அதைப் படம் வேற எடுக்கணுமா?" என்றார்.

இதுவும் நியாயமே. இரண்டு நியாயங்களுக்கு நடுவே கேமராவை எங்கே வைப்பது? எங்களோடு வந்திருந்த பங்குத்தந்தையிடம் போய் நின்றேன். "நீங்கதான் எனக்குச் சொல்லோணும், கேமராவை எங்க வெச்சா ரெண்டு பேருக்கும் சங்கடமில்ல?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

வரிசைக்குப் பின்னே போனேன். வாங்குகிறவர்களின் தோளுக்குப் பின்னால், அவர்கள் நிற்கும் உயரத்திலேயே ஸ்டாண்டை நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் மேசை தெரிந்தது, துணி தெரிந்தது, பதிவேட்டில் கையெழுத்திடும் விரல்கள் தெரிந்தன, பேனர் முழுதாகத் தெரிந்தது. வாங்குகிறவர்களின் முதுகு மட்டுமே தெரிந்தது. கொடுக்கிறவர்களின் முகமோ நன்றாகத் தெரிந்தது. வியாபாரி அந்தக் காட்சியைக் கேமராவின் சிறு திரையில் பார்த்துவிட்டு மறுப்பு ஏதும் சொல்லவில்லை. அவருடைய முகம் அதில் மிக நன்றாக விழுந்திருந்தது என்பதையும் நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இடத்தை மாற்றியதால் வேறொரு நன்மையும் விளைந்தது. வரிசையில் நின்ற பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டது எங்கள் மைக்கில் விழுந்தது. துணி போதும், சோறாக்கப் பானை இல்லை. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் பையும் போய்விட்டன. அம்மிக்கல்லைக்கூட அலை விட்டுவைக்கவில்லை. கேட்டது அவர்கள் தமக்குள் பேசியது அல்லவா? ஆகவே பிறகு அவர்களிடமே சென்று, இதை எங்கள் ஊரில் போட்டுக் காட்டலாமா என்று கேட்டோம். முகத்தை மறைத்த அம்மாளே முன்வந்து, முகத்தை மறைக்காமல், இன்னின்ன பாத்திரம் இத்தனை வேண்டும் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். வாங்கும்போது காட்ட விரும்பாத முகத்தைப் பேசும்போது காட்ட அவருக்குத் தடையில்லை.

ஊர் திரும்பியபின் பங்கு மண்டபத்தில் அதைத் திரையிட்டோம். சாலையோரக் குவியல் வந்தபோது மண்டபத்தில் பேச்சு நின்றது. முன்வரிசையிலிருந்த முதிய தறிக்காரர் ஒருவர், "நம்ம அனுப்பின துணி இதுல கெடக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னபின்னும் அவர் முகம் தெளியவில்லை. இரண்டாம் லாரியில் துணி ஏற்றப்படவில்லை. பானை, சட்டி, குடம், அகப்பை, நோட்டுப்புத்தகம் இவையே போயின. அந்த அம்மாள் சொன்ன கணக்குப்படி.

துயரப் படங்களால் பயனே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு எத்தியோப்பியாவை நினைவூட்ட வேண்டும். 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று, பி.பி.சி. தொலைக்காட்சியில் மைக்கேல் பியர்க் என்னும் செய்தியாளரின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அங்கே பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்த மக்களைப் படமெடுத்தவர் முகமது அமீன் என்னும் நைரோபிக்காரர். அந்தச் சில நிமிடப் படமே உலகை உலுக்கியது. 1985 ஜூலையில் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த பெரும் இசை நிகழ்ச்சிகளுக்கும், அவற்றால் திரண்ட நிதிக்கும் அதுவே வித்து. பின்னர் 1991-இல் அதே எத்தியோப்பியாவில் வெடிவிபத்தொன்றில் அமீன் ஒரு கையை இழந்தார். அதன்பின்னும் கேமராவை விடவில்லை. கேமரா போகாதிருந்தால் உதவியும் போயிருக்காது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நம் கரையிலேயே எடுக்கப்பட்ட மற்றொரு படம் உண்டு. ஆழிப்பேரலைக்கு இரண்டு நாள் கழித்து, கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்த ஒளிப்படம். உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. மணலில் முகம் புதைய விழுந்து, இரு கைகளையும் விரித்து ஒரு பெண் அழுகிறார். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. இறந்தவரின் முகத்தைக் காட்டாமலே மரணம் முழுவதையும் அப்படம் சொல்லிவிடுகிறது. எங்கள் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு அதை நான் காட்டுவதுண்டு. எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்பதைக் கற்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 1994-இல் வகுத்த நடத்தை விதிகள் பத்து. விளம்பரத்திலும் செய்தியிலும் பாதிக்கப்பட்டோரை மாண்புள்ள மனிதராகக் காட்ட வேண்டும், கதியற்ற பொருளாகக் காட்டலாகாது என்பது பத்தாவது விதி. கடைசியில் எழுதியிருப்பதால் கடைசியாக நினைக்கப்படுகிறதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

அம்முகாமில் மூன்றாம் நாள், மீனவர் ஒருவர் எங்கள் வண்டியைத் தேடி வந்தார். அவர் கையில் வீ.எச்.எஸ். கேசட் ஒன்று. உள்ளே சேறு காய்ந்திருந்தது. அவருடைய தம்பியின் திருமண வீடியோ அது. வீடு இருந்த இடத்தில் தோண்டியபோது அகப்பட்டதாம்.

"இதுல எம் பொண்ணு அங்கங்க வரும், சார். வேற போட்டோ ஒண்ணும் மிஞ்சல. ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்றார்.

அலை கொண்டுபோன பிள்ளைகளில் அவருடைய மகளும் ஒருத்தி. வயது ஏழு.

வாக்குறுதி எதுவும் தராமல் வாங்கிக்கொண்டு வந்தேன். உப்புநீரில் ஊறிய நாடாவை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் போகும், கருவியின் ஹெட்டும் போகும். சோமனூரில், கூட்டின் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, இரு சுருள்களையும் வெளியே எடுத்தேன். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி, நாடாவைச் சிறிது சிறிதாக அதில் அலசினேன். பின் நிழலில், மின்விசிறிக் காற்றில், கையாலேயே மெல்லச் சுற்றிச் சுற்றி உலர்த்தினேன். நூலைச் சுற்றிப் பழகிய வீட்டில் பிறந்தவனுக்கு இந்த வேலை அத்தனை அந்நியமானதல்ல. என் தாயார்கூட அருகே அமர்ந்து உதவினார். பிறகு புதுக் கூட்டில் சுருள்களை வைத்து, போனாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய வி.சி.ஆரில் போட்டு, ஓடும்போதே நகலும் எடுத்தோம். நிமிடத்துக்கு ஒருமுறை ஹெட் அடைத்துக்கொள்ளும்; நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவோம். மூன்று மணி நேரக் கேசட்டில் எங்களுக்குக் கிடைத்தது பதினொரு நிமிடம்.

அந்தப் பதினொரு நிமிடத்தில் மணமக்கள் மேடையில் நிற்கிறார்கள். உறவினர்கள் வந்து பரிசு தருகிறார்கள். அந்தச் சிறுமி ஐந்து முறை குறுக்கே ஓடுகிறாள். ஒருமுறை சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நேராகக் கேமராவை நோக்கி வந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டுப் போகிறாள். எங்கள் தொழிலில் இத்தகைய குறுக்கீடுகளை வெட்டிவிடுவதே வழக்கம். பெயர் தெரியாத அந்த நாகை வீடியோக்காரர் எக்காரணத்தாலோ வெட்டாமல் விட்டிருந்தார். அவரை நான் சந்தித்ததில்லை. அலைக்குப் பின் அவர் இருக்கிறாரா என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் லாரியோடு சென்றபோது நகலையும், அந்தச் சிரிப்பை நிறுத்தி எடுத்த ஓர் அட்டைப் படத்தையும் கொண்டு போனேன். முகாமில் கேசட் போட்டுப் பார்க்க வசதி இல்லை. ஆகவே என் கேமராவின் சிறு திரையிலேயே ஓட்டிக் காட்டினேன். அவரும் அவர் மனைவியும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். நான் அப்பால் போய் நின்றுகொண்டேன். நெடுநேரம் கழித்து அவர் கூப்பிட்டு, "பல்லு விழுந்திருக்கு பாருங்க சார். அந்தப் பல்லைக் கூரை மேல போடணும்னு ரகளை பண்ணிச்சு" என்றார்.

எங்கள் விளக்குத் தம்பி, "அண்ணா, இவங்க பாக்கறத எடுத்துக்கட்டுங்களா?" என்று காதோடு கேட்டான். வேண்டாம் என்றேன். அவர்கள் கையிலிருந்தது எங்களிடம் இருந்த ஒரே கேமரா. அதைப் பிடுங்கியல்லவா எடுக்க வேண்டும்?

பின்னாளில் துயரம் எங்கள் ஊருக்கே வந்தது. 2017 செப்டம்பர் 7-ஆம் நாள், சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து, பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் மேல் விழுந்தது. ஐந்து பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். நாள்தோறும் நாங்கள் நின்ற கூரை அது. தறி ஓசைக்கு மேலாகக் கேட்ட அந்த ஓசையை எங்கள் தெரு மறக்கவில்லை.

அன்று படமெடுப்பதற்கு எங்களைப் போன்றோர் தேவைப்படவில்லை. கைப்பேசி வைத்திருந்த எல்லாருமே வீடியோக்காரர்களாக இருந்தார்கள். இடிபாட்டைப் புரட்டிய கைகள் பல. கைப்பேசியை உயர்த்திய கைகளும் பல. இரண்டையும் ஒரே ஆள் மாறி மாறிச் செய்ததையும் கண்டேன். அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. செய்தி விரைவாகப் பரவியதற்கு அவர்களும் காரணம். ஆயினும், அடிபட்டவரின் முகம் வீட்டாருக்குச் சொல்லப்படும் முன்னரே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்ட கொடுமையை என்னவென்று சொல்வது? கேசட் காலத்தில் படமெடுத்தவனுக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே ஓர் இரவாவது இருந்தது. அந்த ஓர் இரவில் எத்தனையோ காட்சிகளை வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறோம்.

மாலையில் வெளியூர்த் தொலைக்காட்சிக் குழுக்கள் வந்து சேர்ந்தன. அதில் ஒரு குழுவின் இளைஞர் என் கடைக்கு ஓடிவந்து, பேட்டரி தீர்ந்துவிட்டது, ஒரு பிளக் கிடைக்குமா என்று கேட்டார். முகமெல்லாம் புழுதி, சட்டை நனைந்திருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. முன்னொரு நாளில் நாகைக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் இதே பிளக்கைக் கேட்டு நானும் நின்றிருக்கிறேன்.

பிளக்கைக் கொடுத்தேன். நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரையும் எடுத்துக் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்பும், ஸ்டாண்டை எங்கே வைத்தால் வழி மறிக்காது, எதிரே டீக்கடை வாசலில் அமர்ந்திருப்பவர்கள் யாருடைய வீட்டார், அவர்களிடம் இன்னும் செய்தி சொல்லப்படவில்லை, ஆகவே அந்தப் பக்கம் விளக்கைத் திருப்ப வேண்டாம் என்பனவற்றையும் சொன்னேன். "சரிங்க அண்ணா" என்று கேட்டுக்கொண்டார். அவர் வெளியே போனபின் சிறிது நேரம் வாசலில் நின்று பார்த்தேன். விளக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இரவு பதினொரு மணிக்கு மேல் வயர் திரும்பி வந்தது. முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சீராகச் சுற்றி, நுனியை முடிந்து, கடை வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.